முதலில் கூரை, பிறகு குதிரைத்திறன்

பதினைந்து அடித் திறந்த படகை விற்றுவிட்டு இருபத்தோரு, இருபத்திரண்டு அடிக்கு மாற நினைப்பவர் முதலில் விசாரிப்பது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். அடுத்து நீளம், அதற்கடுத்து விலை. கூரையும் அடைப்பும் கடைசியில்தான் பேச்சுக்கு வரும். அதுவும் பெரும்பாலும் படகு வந்து சேர்ந்து, முதல் மழையில் எல்லாரும் நனைந்து திரும்பிய பிறகு. நார்வேயின் மேற்குக் கரையில் குடியேறிய நம்மவர்களுக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாக வேண்டும் என்பது என் கட்சி. படகில் யார் யார் வரப்போகிறார்கள், காற்றும் சாரலும் அடிக்கும்போது அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று முதலில் முடிவு செய்தால் நீளமும் அகலமும் என்ஜினும் அந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடும். என்ஜினிலிருந்து தொடங்கினால் கூரைக்கு இடமும் மிஞ்சாது, பணமும் மிஞ்சாது. தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணிப் பக்கத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. வெள்ளப்பட்டியிலிருந்து தருவைகுளம் வரை நாம் கண்டு வளர்ந்த சிறுபடகு அறிவு முழுவதும் திறந்த படகின் அறிவு.

அந்த அறிவைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. முத்துக்குளிப்புப் பருவமான சலாபம் நடந்தது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில். வாடை ஓய்ந்து கச்சான் எழும்புவதற்கு முன் கடல் தட்டையாகக் கிடக்கும் இடைவெளி அது. கயிற்றைப் பிடித்து இறங்குகிறவருக்கும், மேலே நின்று அந்தக் கயிற்றை இழுக்கிறவருக்கும் படகின் விளிம்பு தடையில்லாமல் திறந்திருக்க வேண்டும். பாய் ஓடிய வள்ளத்திலோ பாயைத் தாங்கும் பருமல் பக்கம் மாறும் பாதையில் எதுவும் நிற்கக் கூடாது. ஆகவே கூரையில்லாமல் இருந்தது அறியாமையால் அல்ல, தொழில் அப்படிக் கேட்டதால். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. அதன் பிறகு பாய் போய் என்ஜின் வந்தபோது கூரைக்கான பழைய தடையும் போய்விட்டது. ஆனாலும் சிறுபடகுகளில் கூரை வரவில்லை. பாய்மரம் விட்டுப்போன இடத்தை வலை எடுத்துக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக ஃபைபர் படகுகள் பெருகின, பின்னால் மாட்டும் அவுட்போர்டும் பெருகியது. ஓட்டம் கூடியது, போகும் தூரம் கூடியது. படகில் இருக்கும் ஆள் மட்டும் வெயிலுக்கும் சாரலுக்கும் முன்பு போலவே முகம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மிஞ்சிப்போனால் ஒரு தார்ப்பாய்.

நார்வேக்காரர்களும் ஒரு காலத்தில் திறந்த படகில் போனவர்களே. லொஃபோட்டன் தீவுகளின் குளிர்காலக் காட் மீன்பிடிக்கு வடக்கிலிருந்து துடுப்பும் பாயுமாகத் திறந்த மரப்படகுகளில்தான் வந்தார்கள். 1849 பிப்ரவரியில் அங்கே ஒரே புயலில் சுமார் 500 மீனவர்கள் இறந்தார்கள். அந்தப் படகுகளில் பெரியதான ஃபெம்பேரிங் வகையைத்தான் நான் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். அதன் பின்புறத்தில் ஆட்கள் படுத்துறங்க ஒரு சிறு மரக்கூண்டு இருந்தது. நெடும்பயணத்தில் அது படகோடு நிற்கும், மீன்பிடிக்கும் இடம் வந்ததும் கழற்றிக் கரையில் வைத்துவிடுவார்கள். வலைக்கு இடம் வேண்டும், ஆளுக்கு ஒதுங்கிடமும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே படகில் தீர்த்த ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே படகுக்கு மோட்டார் வந்தபோது மேல்தளமும் சுக்கான் அறையும் அதோடு சேர்ந்தே பரவின. இன்று கரையோரம் எங்கும் தெரியும் ஷார்க் என்னும் சிறு மீன்பிடிப் படகில் என்ஜினையும் அறையையும் பிரித்து நினைக்கவே முடியாது. நம் கரையில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து சேரவில்லை. இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் 1953-இல் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் தொடங்கி, 1963-க்குப் பிறகு மண்டபம் வரை வந்தது. குருநகரிலிருந்து 1956-இல் நார்வே வந்த அன்ரனி ராஜேந்திரம் முன்னின்று உருவாக்கிய சீநோர் நிறுவனம் யாழ்ப்பாணக் கரையில் ஃபைபர் படகும் வலையும் செய்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் என்ஜின் வந்தது, இழுவலை வந்தது, படகின் உடல் வந்தது. சிறுபடகின் கூரை மட்டும் கப்பல் ஏறவில்லை. இங்கே வந்து சேர்ந்த நாம் அந்த விடுபட்ட பாதியைக் கற்றுக்கொள்ளலாம்.

கற்க வேண்டிய காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடல் ஆண்டு முழுதும் 25 பாகைக்கு மேல். இங்கே கோடையில் 15 பாகையை ஒட்டி நிற்கும், குளிர்காலத்தில் 5, 6 பாகைக்கு இறங்கும். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்றொரு கணக்கு சொல்வார்கள், கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தவற 1 மணி நேரம். கூரை இருந்தால் கடலில் விழமாட்டோம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் விழுவதற்கு முன்னாலேயே குளிர் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காற்று வெப்பம் 5 பாகையாக இருக்கும் நாளில் 20 நாட் வேகத்தில் திறந்த படகு ஓடினால் முகத்தில் படும் குளிர் உறைநிலைக்குச் சமம். அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தவரின் விரல்கள் கயிற்றை முடிச்சிடாது, அவர் மனம் அலையைச் சரியாக எடைபோடாது. விபத்து பெரும்பாலும் இந்த மரத்துப்போன கையிலிருந்தும் சோர்ந்த கணிப்பிலிருந்தும்தான் பிறக்கிறது. இந்த நாட்டின் சட்டமும் உள்ளே, வெளியே என்று பிரித்தே பார்க்கிறது. 8 மீட்டருக்குக் குறைவான உல்லாசப் படகு ஓடும்போது வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் மிதவை உடை அணிந்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. நம் ஊரில் படகு ஆண்களின் வேலையிடம். ராமநாதபுரம் கரையில் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கும் பெண்களை விட்டால், படகில் குடும்பத்துக்கு என்று ஓர் இடம் கிடையாது, அதை யாரும் கேட்டதும் கிடையாது. இங்கே படகு தொழில் கருவி அல்ல. சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து எல்லாரும் கிளம்பிப் போக வேண்டிய பொருள். திறந்த படகில் முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். மழைக்கும் குளிருக்கும் பிறகு ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் தூண்டிலும் ஒரே ஓர் ஆளும் மிஞ்சும் படகுகளை இங்கே பார்க்கிறோம். பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, தூத்துக்குடியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மழையில், ஊரிலிருந்து பார்க்க வந்த தாயும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், குளிர் ஒத்துக்கொள்ளாத மனைவியும் படகில் கால் வைப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது கூரை. குதிரைத்திறன் ஒருவரைக்கூடக் கூடுதலாக அழைத்து வருவதில்லை.

சரி, கூரையிலிருந்து தொடங்கினால் கணக்கு எப்படிப் போகும்? நான்கு பேர் உட்கார, அவர்களில் ஒருவர் நின்று ஓட்ட, உள்ளளவு சுமார் 2 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் உயரமும் கொண்ட அறை வேண்டும். பின்னால் தூண்டில் போடவும் நண்டுக்கூடு இழுக்கவும் 2 மீட்டராவது திறந்த தளம் வேண்டும். இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நம் கரை கற்றுத் தந்த பாடம். அணியத்தில் நங்கூரம் கையாள ஒன்றரை மீட்டர், பின்னால் என்ஜினுக்கு முக்கால் மீட்டர். கூட்டினால் 6 மீட்டரைத் தாண்டி, ஏறக்குறைய 21 அடிக்கு வந்து நிற்கிறது. இந்த அளவுப் படகை ஆட்களோடும் பெட்ரோலோடும் சுமந்து அலைமேல் எழுப்பும் என்ஜின் 100-க்கு மேற்பட்ட குதிரைத்திறனில் அமையும். அதனால் 1980-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் படகோட்டிச் சான்று தேவைப்படும், 25 குதிரைத்திறனைத் தாண்டினாலே அது கட்டாயம். இதே 21 அடியைத் திறந்த படகாக வாங்கிப் பிறகு அடைப்பு போடலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. திறந்த படகில் இருக்கைகளும் ஓட்டும் மேடையும் கூரையை நினைத்து வைக்கப்பட்டவை அல்ல. பின்னால் வரும் குழாய்ச் சட்டமும் கித்தானும், ஜிப் வைத்த கண்ணாடித்தாளும் கிடைத்த இடத்தில் கால் ஊன்றும், தூண்டில் வீசும் கையை மறிக்கும், மழைநீரைத் தேக்கி வைக்கும்.

கூரைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான வாதம் காற்றைப் பற்றியது. உயரமான அறை காற்றைப் பிடிக்கும். பக்கவாட்டில் 5 சதுர மீட்டர் பரப்பு இருந்தால், நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதை ஏறக்குறைய 35 கிலோ அளவுக்குத் தள்ளும். காற்று 15 மீட்டராகக் கூடினால் அந்தத் தள்ளல் இரு மடங்குக்கும் மேல், ஏனென்றால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. படகுத்துறையில் மெதுவாக நுழையும்போது இது நிஜமான தொல்லை. மறுமொழி, கூரையே வேண்டாம் என்பது அல்ல. உயரத்தை நிற்கும் ஆளின் தலைக்கு மேல் ஒரு சாண் வளர விடாமல் நிறுத்துவதும், கூரை மேல் சுமை ஏற்றாமல் இருப்பதும், அறையின் நீளத்துக்கு ஏற்ப அடிப்பகுதி அகலமான படகைத் தேர்வதும்தான். வாங்கிய பிறகு அகலத்தைக் கூட்ட முடியாது. கூரையை முதலில் நினை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே நேரடிக் காரணம்.

இரண்டாவது வாதம் உயிரைத் தொடுவது. அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் இல்லை, நிறமும் இல்லை. ஓடும் வேகத்தில் அவுட்போர்டின் புகை விசிறி வழியாக நீருக்குள் போய்விடும். ஆனால் மெதுவாக ஓடும்போதும் நின்று உறுமும்போதும் நீர்மட்டத்துக்கு மேலுள்ள துளை வழியாகவும் வரும். முன்பக்கம் மூடி, பின்திரையை மட்டும் திறந்துவிட்டு ஓட்டினால் அறைக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழலும். அந்தச் சுழல் புகையை உள்ளே இழுத்துவிடும். அமெரிக்காவின் பவல் ஏரியில் வீட்டுப்படகுகளில் நேர்ந்த சாவுகளை 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நிறுவனம் ஆராய்ந்தபோது, ஜெனரேட்டர் புகை படகின் பின்புறத்து அடைப்பிலும் அதைச் சுற்றியும் எவ்வளவு வேகமாகத் தேங்குகிறது என்பது தெரிந்தது. ஆகவே முன்னால் திறக்கும் ஒரு சாளரம் அலங்காரம் அல்ல, கட்டாயம். பின்திரை திறந்தால் அதுவும் திறந்தே இருக்க வேண்டும். ஆள் உட்காரும் உயரத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். கண்ணாடி மங்குவதும் இந்தக் காற்றோட்டத்தில்தான் தீரும். மூன்றாவதாக, படகு கவிழ்ந்தால் அடைத்த அறை பொறியாகிவிடும் என்பார்கள். தானாக ஊதும் மிதவை உடை உள்ளே ஊதிவிட்டால் ஆளைக் கூரையோடு ஒட்டிவிடும் என்பது உண்மை. கதவு ஒன்று, ஆள் நுழையும் அளவுக்குத் திறக்கும் சாளரமோ மேல்மூடியோ இன்னொன்று என இரண்டு வழி இல்லாத அறையை வாங்கவே கூடாது. ஜிப் வைத்த திரையை வெளிவழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், நனைந்து விறைத்த விரலுக்கு ஜிப் திறக்காது.

நம் முன்னோர்கள் கூரையில்லாமல்தானே ஆழம் வரை போனார்கள், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் கடல் எப்படித் தெரியும் என்ற கேள்வியில் மரியாதைக்குரிய ஒன்று இருக்கிறது. காற்று கன்னத்தில் படும் திசையை வைத்து வாடையா கொண்டலா என்று சொல்லும் பழக்கம் அறைக்குள் மங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் பின்தளத்தை விட்டுக்கொடுக்காதே என்கிறேன். கடலைப் பார்க்க நிற்கும் இடம் அது. முன்னோர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை அவர்கள் விரும்பினார்கள் என்று எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் நியாயம் அல்ல. வெயிலில் வெந்த தோலும் உப்பில் வெடித்த உதடும் எவரும் கேட்டு வாங்கியவை அல்ல. செலவு கூடும் என்பதும் உண்மைதான். ஒரே நீளத்தில் அறை வைத்த படகு திறந்த படகைவிட விலை கூடியது. பழைய படகாக வாங்கினால், என்ஜின் சிறியதாக இருந்தாலும் அறை நன்றாக அமைந்ததையே எடுக்கச் சொல்வேன். என்ஜினை ஐந்தாறு ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம், அறையை அப்படி மாற்ற முடியாது.

இந்த வாதம் மாப்பிள்ளையூரணிக் கரைக்கும் போகுமா? அப்படியே போகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் மாண்டவர்களைக் கூரை காப்பாற்றியிருக்கும் என்று சொல்வது பொய். அங்கே தேவைப்பட்டது நேரத்துக்கு எட்டும் எச்சரிக்கையும் விரைந்த மீட்பும். கண்ணாடி அறை அந்த வெயிலில் அடுப்பாகிவிடும். ஆனால் ஃபெம்பேரிங்கின் கழற்றும் கூண்டு அங்கே பொருந்தும். ஃபைபர் படகின் பின்பகுதியில் நான்கு துருப்பிடிக்காத குழாய்கள் செருக ஏற்ற குழிகள், மேலே மடித்துச் சுருட்டும் கித்தான், பக்கவாட்டில் முழுக்கத் திறப்பு. வலை இறக்கும்போது கழற்றி அணியத்தில் போடலாம், ஓடும்போதும் காத்துக்கிடக்கும்போதும் ஆளுக்கு நிழல். படகு அச்சில் வார்க்கும்போதே அந்தக் குழிகளை வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு, பிறகு துளைத்தால் உடல் பலவீனமாகும், தண்ணீர் இறங்கும். நாட்டுப்படகுக்கு அவுட்போர்டு வாங்கத் தமிழக அரசு மானியம் தருகிறது. அதே விண்ணப்பத்தில் சட்டத்துக்கும் கித்தானுக்கும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்கலாம். கேட்க வேண்டியவர்கள் வெள்ளப்பட்டி, தருவைகுளத்து மீனவர்கள். அளவு எடுத்து வரைந்து அனுப்ப வேண்டியவர்கள், இங்கே கூரைக்குக் கீழே உட்கார்ந்து படகோட்டும் நாம்.