மேஜை மேல ஒரு கிறிஸ்துமஸ் மரம்

டிசம்பர் வந்தாச்சு. இன்னைக்கு சுகர், பிபி எதுவும் கிடையாது. சார்ட் பேப்பர்ல குட்டி கிறிஸ்துமஸ் மரம் செய்றது பத்தி ஒரு இழை. டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க, குறிப்பா வீட்ல தவழுற, தத்தித் தத்தி நடக்குற குழந்தை இருந்தா.

நான் வளர்ந்த தெருவுல சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். பழைய பக்கெட்ல மணலைப் போட்டு நட்டு, பஞ்சைப் பிய்ச்சு பனி மாதிரி வைப்பாங்க. இப்ப நாங்க இருக்குற மூணாவது மாடி ஃப்ளாட்டுக்கு சவுக்குக் கிளையை எங்கிருந்து தூக்கிட்டு வர்றது? மகளுக்கு நாலு வயசானப்போ பேப்பர் மரம் செய்ய ஆரம்பிச்சோம். வருஷா வருஷம் நடக்குது.

செய்முறை ரொம்ப சுலபம். சார்ட்ல 30 செ.மீ. ஆரத்துல ஒரு அரைவட்டம் வெட்டுங்க. காம்பஸ் வேணாம், நூலும் பென்சிலும் போதும். சுருட்டி ஒட்டினா கிட்டத்தட்ட 26 செ.மீ. உயரத்துல கூம்பு நிக்கும். பச்சை கிரேப் பேப்பரை 5 செ.மீ. அகலப் பட்டையா வெட்டி, ஒரு ஓரத்துல சீப்பு மாதிரி நறுக்குங்க. கீழ இருந்து மேல சுத்திச் சுத்தி ஒட்டணும். முக்கியம், கீழ இருந்து மேல. நான் முதல் வருஷம் மேல இருந்து ஆரம்பிச்சேன், மரம் குளிச்சுட்டு தலை துவட்டாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு சுத்தும் கீழ இருக்குற சுத்தோட பாதியை மறைக்கணும். அப்புறம் சம்கி, ஜரிகை, பழைய வளையல், சாக்லேட் சுத்தின பளபளப்புத் தாள், உங்க இஷ்டம். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

ஒட்ட ஃபெவிகால் போதும். க்ளூ கன்னை குழந்தைங்க கையில கொடுக்காதீங்க. அந்தப் பசை கொதிக்கிற தண்ணியை விடச் சூடு, தோல்ல ஒட்டிக்கிட்டே சுடும். பட்டுட்டா பிய்க்காம, ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட் தடவாதீங்க ப்ளீஸ்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, இதே மாதிரி டிசம்பர் மூணாவது வாரம். ஒன்றேகால் வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) "சார், ரெண்டு நாளா எச்சில் வடியுது. இட்லி கொடுத்தா துப்புறான். பால் மட்டும் குடிக்கிறான்." லேசா இருமல். காய்ச்சல் இல்ல. தொண்டையைப் பார்த்தேன், கொஞ்சம் சிவப்பு. பல்லு முளைக்குது, சளியும் இருக்குன்னு சொல்லி மருந்து எழுதி அனுப்பிட்டேன். அன்னைக்கு வெளிய நாற்பது பேர் காத்திருந்தாங்க. அது காரணம் இல்ல, சும்மா சொல்றேன்.

மறுநாள் திரும்ப வந்தாங்க. குழந்தை பாலும் குடிக்கல. எக்ஸ்ரே எடுத்தேன். உணவுக்குழாய்ல காசு மாதிரி ஒரு வட்டம். ஆனா ஓரத்துல இரட்டை வளையம். காசுக்கு அப்படி இருக்காது. பட்டன் பேட்டரி.

"வீட்ல ரிமோட், பொம்மை ஏதாவது?"ன்னு கேட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தோணல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சார், நான் ஒரு மரம் செஞ்சேன்"னாங்க. வீடியோ பார்த்து மூணு நாள் உட்கார்ந்து செஞ்ச மரம். அதுல சுத்தியிருந்த குட்டி லைட்டோட பெட்டியில ரெண்டு பேட்டரி. மூடிக்கு ஸ்க்ரூ இல்ல.

சிஆர் 2032ன்னு போட்டிருக்கும், 20 மி.மீ. அகலம், 3 வோல்ட். உள்ள இருக்குற ரசாயனம் ஒழுகித்தான் புண்ணாகுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. ஈரமான சதையில மாட்டினதும் மின்சாரம் பாய ஆரம்பிக்கும். அது சுத்தி இருக்குற ஈரத்தையே காரமா மாத்திடும். ரெண்டு மணி நேரத்துலயே ஆழமான புண் வந்துடலாம். இந்தக் குழந்தைக்கு மூணு நாள். அதுல ஒரு நாள் என் கணக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எண்டோஸ்கோபியில எடுத்தாங்க. பிழைச்சுட்டான். ஆனா புண் ஆறின இடம் சுருங்கி, நாலு தடவை மயக்கம் கொடுத்து விரிவாக்க வேண்டியிருந்துச்சு. அந்த அம்மாகிட்ட, "முதல் நாளே நான் எக்ஸ்ரே எடுத்திருக்கணும்"னு சொன்னேன். அவங்க என்னைத் திட்டவே இல்ல. "நான் மரமே செஞ்சிருக்கக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம எங்க மரத்தைப் பார்த்தேன். அதே மாதிரி லைட். மூடி நகம் பட்டாலே திறக்குது. கீழ பத்து மாசப் பையன் தவழ்ந்துட்டு இருக்கான். வாங்கிச் சுத்தினது நான்தான்.

பேட்டரியை முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே கிளம்பிடுங்க, 108 கூப்பிடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. குழந்தைக்கு ஒரு வயசு தாண்டியிருந்து, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, விழுங்க முடிஞ்சா, போற வழியில 10 மி.லி. தேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை வரைக்கும். தேன் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அது புண்ணோட வேகத்தைத்தான் குறைக்கும். ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடாது. வேற சாப்பாடு எதுவும் வேணாம். ஆஸ்பத்திரியில "எக்ஸ்ரே எடுங்க"ன்னு நீங்களே கேளுங்க. என்னை மாதிரி ஆள் உட்கார்ந்திருந்தாலும் கேளுங்க.

லைட் போட்டே ஆகணும்னா, பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்குற மாதிரி இருக்கான்னு கடையிலேயே திறந்து பாருங்க. இல்லன்னா வேணாம்.

போன வருஷம் அந்த அம்மா பையனைச் செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்தப்போ, மேஜை மேல எங்க மரம் இருந்துச்சு, லைட் இல்லாம. மகள்தான் க்ளினிக்குக்கு ஒண்ணு வேணும்னு செஞ்சு கொடுத்திருந்தா. அவங்க கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நடுவுல ஒரு சுத்து இடைவெளி விட்டிருக்கீங்க சார்"னாங்க. ஆமா, விட்டிருந்தோம். பையன் அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்னுட்டு இருந்தான்.

இந்த வருஷ மரத்துக்கு நேத்து கூம்பு சுருட்டியாச்சு. பச்சை கிரேப் பேப்பர் பத்தல, நாளைக்கு வாங்கணும்.