போலோ ஓவியங்களும் மணிப்பூரின் மட்டக்குதிரையும்

போலோ ஆட்டத்தைக் குறித்த கலைக் கண்காட்சி ஒன்றை உலகின் எந்தப் பெரிய அருங்காட்சியகம் அமைத்தாலும், அதில் என்னென்ன இடம்பெறும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் சீனத்தின் தாங் அரசமரபுக் காலம் வரும். கி.பி. 706இல் அடக்கம் செய்யப்பெற்ற இளவரசர் லி சியானின் கல்லறைச் சுவரில், கோலேந்திய வீரர்கள் பந்தைத் துரத்தும் காட்சி தீட்டப்பட்டிருந்தது. அக்காலத்துச் சுடுமண் சிற்பங்களில் பெண்கள் குதிரைமேல் சாய்ந்து பந்தடிக்கிறார்கள். பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் அத்தகைய உருவங்களை இன்றும் காணலாம். அடுத்துப் பாரசீகச் சிற்றோவியங்கள்: ஷாநாமாவின் சியாவுஷ் அயல்நாட்டு மன்னன் முன்னிலையில் தன் திறனைக் காட்டுகிறான், நிஜாமியின் காவியத்து ஷிரீன் தோழியர் சூழக் குஸ்ரோவை எதிர்த்து ஆடுகிறாள். பின்னர் முகலாயர். அக்பர் இருளிலும் ஆடுவதற்காகப் பலாச மரத்தில் செய்த பந்துகளுக்குத் தீயிட்டு உருட்டினார் என்று அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார்.

இவையனைத்தும் கண்ணைக் கவர்பவை. ஆனால், இவை யாவும் அரண்மனையின் நிழலில் பிறந்தவை. ஓவியனுக்கு ஊதியம் தந்தவர் எவரோ, அவரே ஓவியத்தின் நடுவில் இருக்கிறார். குதிரையை வளர்த்தவரும் கோலைச் செதுக்கியவரும் அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை. எனவே, போலோ மன்னர்களின் ஆட்டம் என்னும் முடிவுக்குப் பார்வையாளர் எளிதில் வந்துவிடுகிறார். எஞ்சியிருக்கும் ஓவியங்கள் யாருடையவை என்பதே இங்கு வரலாறாக மாறிவிடுகிறது.

ஓவியம் விட்டுவிட்டதைச் சில நேரங்களில் சொல் காப்பாற்றி வைத்திருக்கும். 'போலோ' என்ற சொல் கரகோரம் மலைப்பகுதியின் பால்டி மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'புலு' என்றால் பந்து. ஆனால், இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோவுக்கு அடிப்படையான ஆட்டத்தை ஆங்கிலேயர் கற்றுக்கொண்டது அங்கேயன்று. இமயத்தின் மறுகோடியில், மணிப்பூரிகளிடமிருந்து. 1850களில் கச்சாரில் இருந்த ஆங்கிலேய அலுவலர்களும் தேயிலைத் தோட்டக்காரர்களும் அங்கு வாழ்ந்த மணிப்பூரிகள் ஆடுவதைக் கண்டு தாமும் ஆடத் தொடங்கினர். 1862இல் கல்கத்தா போலோ கழகம் உருவாயிற்று. ஆட்டம் ஒரு மக்களிடமிருந்தும் அதன் பெயர் வேறொரு மக்களிடமிருந்தும் பெறப்பட்டன. இரண்டு மொழிகளும் திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது. பெயர் மாறியபோது, ஆட்டத்தைக் கற்றுத்தந்தவர்களின் சுவடும் மங்கிப்போயிற்று.

மணிப்பூரியில் இந்த ஆட்டத்தின் பெயர் 'சகோல் காங்ஜெய்'. சகோல் என்பது குதிரை. காங்ஜெய் என்பது கோலால் பந்தடித்து ஆடுவது. அதே ஆட்டத்தைத் தரையில் ஓடி ஆடினால் அது 'கோங் காங்ஜெய்'. கோங் என்றால் கால். இந்த இரண்டு தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அம்மொழிக்கு இவை ஒரே ஆட்டத்தின் இரு வகைகள்: ஒன்று காலால், மற்றொன்று குதிரையால். அரசர்களும் ஆடினார்கள், ஊராரும் ஆடினார்கள். பக்கத்துக்கு எழுவர், இலக்குக் கம்பங்கள் கிடையாது, எல்லைக் கோட்டைப் பந்து தாண்டினால் வெற்றிப்புள்ளி. பந்து மூங்கிலின் வேரிலிருந்து செய்யப்படுவது. மணிப்பூரின் பெண்கள் இன்றும் குதிரையேறி ஆடுகிறார்கள். தாங் காலத்துச் சுடுமண் பெண்களைக் கண்டு வியப்பவர்களுக்கு இச்செய்தி பெரும்பாலும் எட்டுவதில்லை.

இப்போது கேள்விக்குள்ளாகியிருப்பது அந்தத் தொடரின் முதற்சொல்தான். நான்கடி உயரமுள்ள மணிப்பூரி மட்டக்குதிரைகள் 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 இருந்தன, 2019இல் 1,089. மேய்ச்சலுக்கான சதுப்பு நிலங்கள் சுருங்கிவிட்டன. இம்பாலின் தெருக்களில் அவை குப்பையைக் கிளறித் தின்கின்றன, வண்டிகளில் அடிபடுகின்றன. 2023 ஜனவரியில் ஹெய்ங்காங் குன்றில், குதிரைமேல் அமர்ந்த ஆட்டக்காரரின் மிகப் பெரிய சிலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 120 அடி. மண்ணின் பெருமையை அறிவிக்க அது தேவையாக இருக்கலாம். ஆனால் சிலைக்குப் புல் வேண்டாம், குதிரைக்கு வேண்டும்.

குதிரை மறைந்தால் ஆட்டம் மட்டும் மறைவதில்லை. சேணத்தின் பகுதிகளுக்கும் நடைகளுக்கும் உடல் நிறங்களுக்கும் அடிமுறைகளுக்கும் உரிய சொற்கள் வாயிலிருந்து அகராதிக்கு இடம்பெயரும். அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் உயிரோடிருப்பதாக மொழியியல் கற்ற எவரும் கருதமாட்டார்.

அருங்காட்சியகங்கள் இதில் செய்யக்கூடியது சிறிது, எனினும் பயனற்றதன்று. விளக்க அட்டைகளில் பெரும்பாலும் 'ஆங்கிலேயர் கண்டறிந்து உலகுக்குப் பரப்பினர்' என்னும் பொருள்படவே வாக்கியங்கள் அமைகின்றன. அதில் எழுவாய் ஆங்கிலேயர். மணிப்பூரிகள் வெறும் இடப்பெயராக நிற்கிறார்கள். 'மணிப்பூரிகள் கற்றுக்கொடுத்தனர்' என்று எழுதினால் எந்தத் தகவலும் குறையாது. கூடவே ஓர் உண்மை வந்து சேரும். ஷிரீனின் குதிரைக்கும் அக்பரின் தீப்பந்துக்கும் அருகில் மூங்கில் வேர்ப்பந்து ஒன்றையும், 1,089 என்ற எண்ணையும் வைக்கலாம். அந்த எண் இன்னும் குறைவதற்கு முன்பாக வைத்தால் நல்லது.