அஞ்சல் சர்வர் அமைத்த வாரம்

திங்கட்கிழமை

எங்கள் சிறிய சங்கத்தின் மின்னஞ்சல் போக்குவரத்தைப் பெரிய ஸ்தாபனம் எதன் தயவிலும் விடாமல் நாங்களே நடத்துவதென்று நிச்சயமானபடியால், வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் இன்று போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினேன். 1988 நவம்பரில் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய கணினிப் புழு, அந்நாளில் எங்கும் வழங்கிய சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளின் துவாரம் வழியாகவும் நுழைந்து ஆயிரக்கணக்கான யந்திரங்களைத் திணறடித்த வரலாற்றை அறிந்தவர்கள், ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வீட்சே வெனிமா 1998-இல் வெளியிட்ட இந்த மென்பொருள் ஏன் ஒரே பெரிய நிரலாக இராமல், தத்தம் காரியத்துக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டுமே பெற்ற பல சிறு நிரல்களாகப் பிரிந்து நிற்கிறது என்பதைச் சிரமமின்றி உணர்வார்கள்.

செவ்வாய்க்கிழமை

பிற சர்வர்களின் கடிதங்கள் வர 25-ஆம் போர்ட். அங்கத்தினர் அனுப்ப 587. டவ்காட் என்ற மென்பொருள் வழியே படிக்க 993. மறையாக்கம் இல்லாமல் கடவுச்சொல்லை ஏற்கலாகாது என்று விதித்தேன். அதற்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் குறைவு. அது தானாகவே புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு செய்தாயிற்று.

வியாழக்கிழமை

கடிதம் பெறுவது சுலபம். நம் கடிதத்தைப் பிறர் நம்பும்படி செய்வதே பிரயாசை. பரீட்சார்த்தமாக அனுப்பியது நேரே ஸ்பாம் பெட்டியில் விழுந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறையில், அனுப்புநர் என்று யார் பெயரை யார் எழுதினாலும் தடுப்பாரில்லையாதலால், பின்வந்தவர்கள் டி.என்.எஸ். பதிவுகளின் துணைகொண்டு மூன்று காவல்களை ஏற்படுத்தினார்கள்: நம் டொமைனுக்காக அனுப்ப உரிமையுள்ள யந்திரங்களைச் சொல்வது எஸ்.பி.எஃப்.; கடிதத்தில் நம் கையொப்பத்தை இடுவது டி.கே.ஐ.எம்.; இவ்விரண்டில் ஒன்றுகூட அனுப்புநரின் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்று விதிப்பது டி.மார்க். எடுத்த எடுப்பில் நிராகரிக்கச் சொல்லாமல், அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகே அதைக் கடுமையாக்குவது விவேகம். இவை யாவும் செய்தும், ஐ.பி. முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவு இல்லையென்றால் பலர் கதவு திறப்பதில்லை. அதையோ இடம் வாடகைக்குக் கொடுத்தவர்தான் அமைத்துத் தரவேண்டும். அன்றியும், முன் குடியிருந்தவர் வைத்த கடனைப் புதுக் குடித்தனக்காரரிடம் கேட்பதுபோல, அந்த முகவரி முன்பு ஸ்பாம் அனுப்பியிருந்தால் அந்தப் பழி நம்மையே சேரும். முகவரி தடைப்பட்டியல்களில் உள்ளதா என்று பாராமல் பணம் கட்டலாகாது.

சனிக்கிழமை

இரண்டாவதாக ஒரு சர்வரைக் காத்திருப்பில் வைக்கும்படி நண்பரொருவர் வற்புறுத்தினார். எனக்குச் சம்மதமில்லை. நம் சர்வர் நின்றிருந்தாலும், அனுப்பும் சர்வர் நாலைந்து நாளேனும் விடாமல் முயலவேண்டுமென்பது விதி. காவல் குறைந்த இரண்டாம் வாசலையோ ஸ்பாம்காரர்களே முதலில் தேடுவார்கள். நேற்றிரவு சர்வரை அணைத்துவிட்டுக் காலையில் உயிர்ப்பித்தபோது, இடையே நான் வேறு கணக்குகளிலிருந்து அனுப்பியிருந்த கடிதங்கள் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தன. உண்மையான அபாயம் வேறு: கடிதத்தை ஏற்றதாக நம் சர்வர் 250 என்று பதில் சொல்லிய கணத்திலேயே கடிதத்தின் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது, அதன் பிறகு டிஸ்க் கெட்டால், அனுப்பியவரிடம் மீண்டும் கேட்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே, இரவுதோறும் பிறிதோர் ஊரிலுள்ள யந்திரத்துக்குப் பிரதி போகவேண்டும். அப்பிரதியிலிருந்து ஒரு பெட்டியை முழுமையாக மீட்டுப் பார்த்த பிறகே அங்கத்தினரின் கணக்குகளை இங்கே மாற்றவேண்டும்.