ஹைதராபாத்து 'இச்'

ஹைதராபாத்தில் வந்து குடியேறுகிற தமிழருக்கு, 'ஆம்' என்பதற்கு 'ஹௌ' என்றும் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்றும் சொல்லிப் பழக அதிக காலம் பிடிப்பதில்லை. ஆனால் அவ்வூர்ப் பேச்சின் ஜீவநாடி அவ்விரண்டு சொற்களிலும் இல்லை என்பதும், எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு மிடுக்கைக் கொடுக்கிற 'இச்' என்னும் சின்னஞ்சிறு ஒலியிலேதான் இருக்கிறது என்பதும், கடைவீதிகளில் காதைக் கொடுத்துத் திரிந்த பிறகே விளங்கும்.

எனக்கு அதனிடத்தில் மோகம் உண்டானது பழைய நகரத்துச் சத்தா பஜாரில். உருதுக் கல்யாணப் பத்திரிகைகள் அச்சிடும் கடைகள் நெருங்கிய தெரு அது. சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தபோது, மை படிந்த விரல்களால் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்த பெரியவர், தலையை நிமிர்த்தாமலே, "கலிச் தேதூம் ஸாப்" என்றார். 'கல்' என்றால் நாளை. 'கலிச்' என்றால் நாளைக்கே. காகிதம் வந்துவிட்டதா என்று யாரோ கேட்டதற்கு, "மாலூமிச் நை" என்று பையன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். அதாவது, தெரியவே தெரியாதாம். அவ்வூரில் 'பர்ஸோ' என்பது முந்தாநாளையும் குறிக்கும், முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு நாளையும் குறிக்கும் என்பது ஊரறிந்த விகடம். காலக்கணக்கில் அத்தனை தாராளம் படைத்த ஜனங்களுக்குச் சொல்லை இறுக்கிப் பிடிக்க ஒரு முடிச்சு அவசியந்தான் என்று எண்ணிக்கொண்டே மறுநாள் போனேன். பத்திரிகைக் கட்டு தயாராக இருந்தது.

அன்று முதல் அதன் பிரயோகத்தைக் கவனிக்கலானேன். மெய்யில் முடியும் சொல்லோடு 'இச்' என்று முழுமையாகவும், உயிரில் முடியும் சொல்லோடு பெரும்பாலும் 'ச்' என்று மெலிந்தும் அது சேர்கிறது. 'இப்போது' என்று பொருள்படும் 'அபீ' என்ற சொல், 'அப்' என்பதும் 'ஹீ' என்னும் ஹிந்துஸ்தானித் தேற்றச் சொல்லும் கலந்து பிறந்தது. அதாவது ஏற்கெனவே ஒரு தேற்றத்தை வயிற்றில் அடக்கியது. ஹைதராபாத்துக்காரருக்கு அது போதவில்லை. 'அபீச்' என்று மேலும் ஒன்றை மாட்டுகிறார். நாம் 'இப்பவேதான்' என்று ஏகாரத்தின்மேல் 'தான்' ஏற்றுகிறோமே, அதே பேராசை!

இதன் பூர்வோத்தரம் என்ன என்று உருது கற்றவர்களைக் கேட்டபோது, பாமரர் வழக்கு என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். டில்லியையும் லக்னோவையும் அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு அது கொச்சையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 1591இல் இந்நகரை நிர்மாணித்த சுல்தான் முஹம்மது குலீ குதுப் ஷா கவி பாடியது இந்தத் தக்கனி மொழியில்தான். அவருடைய பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர் முஹியுத்தீன் காதிரி ஜோர். பாரிஸ் வரையில் சென்று ஒலியியல் பயின்று திரும்பி, 1931இல் இங்கே இதாரா-யே-அதபியாத்-யே-உர்து என்னும் சபையைத் தோற்றுவித்த பண்டிதர். கோல்கொண்டாச் சமஸ்தானப் புலவர் வஜ்ஹி 1635ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய 'ஸப்ரஸ்' என்னும் வசன நூலிலும் நம்முடைய சகரம் தாராளமாக நடமாடுகிறது. அரசவைப் புலவரின் எழுதுகோலில் தயங்காமல் வந்ததைக் கொச்சை என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்பால் வழி மேற்கே திரும்புகிறது. மராத்தியில் 'மீச்' என்றால் நானே; 'ஆதாச்' என்றால் இப்போதே. 'நக்கோ'வும் அங்கே 'நகோ' என்று வழங்குவது. 1290இல் ஞானேசுவரர் அருளிய ஞானேசுவரியின் பழைய மராத்தியில் இது 'சி' என்ற உருவத்தில் நிற்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிராகிருதத்துக்கு இலக்கணம் வகுத்த ஹேமசந்திரர், தேற்றப் பொருளில் வரும் இடைச்சொற்களாக 'சேஅ', 'சிஅ' முதலியவற்றை எடுத்தோதுகிறார். 1327ஐ ஒட்டி முகம்மது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதும், டில்லிப் பேச்சைத் தாங்கி வந்த குடும்பங்கள் மராத்தி பேசும் ஜனங்களுக்கு நடுவே வாழ நேர்ந்தது. 1347இல் பாமினி அரசு உதயமான பின்பு அந்தப் பேச்சு குல்பர்கா, பீதர் வழியாகக் கோல்கொண்டாவுக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்து நிஜாம் ராஜ்யத்தின் 16 ஜில்லாக்களில் 5 மராத்தி ஜில்லாக்கள் 1956 வரையில் இருந்தமையால், அந்தச் சம்பந்தம் அறவே அற்றுப்போகவும் இல்லை.

உற்பத்தி மராத்தியில் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், அது உட்காரும் முறையைப் பார்க்கும்போது ஒரு தமிழனுக்கு வேறொரு நினைவும் எழாமல் இராது. 'எனக்கே' என்பதை டில்லிக்காரர் 'முஜீகோ' என்பார்; தேற்றம் சொல்லின் நடுவிலே, வேற்றுமை உருபுக்கு முன்னால் புகுந்துவிடுகிறது. ஹைதராபாத்தில் 'மேரேகூச்', மராத்தியில் 'மலாச்', தெலுங்கில் 'நாகே'. உருபெல்லாம் முடிந்து கடைசியில் முத்திரை வைப்பதே தக்கணத்துச் சம்பிரதாயம். தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்குக் கூறிய ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. ஹைதராபாத்துக்காரர் 'வோஇச்' என்னும்போது, 'நிச்சயமாக அவன்' என்பதும் 'மற்றவன் அல்லன்' என்பதும் ஆகிய அவ்விரண்டும் இடத்துக்குத் தக்கபடி அதில் அடங்கிவிடுகின்றன. வடக்கிலிருந்து வந்த சொற்களும் மராத்தி இடைச்சொல்லும் சேர்ந்து, நம் வீட்டு ஏகாரத்தின் ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றன என்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே இதைப் பிழையின்றிக் கையாளத் தமிழர் புதிதாக ஒரு வியாகரணமும் கற்க வேண்டியதில்லை. 'வரவே இல்லை' என்று நம் மனத்தில் ஏகாரம் விழுகிற இடத்திலே 'ஆயாச் நை' என்று சகரத்தைப் போட்டால் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. ஆனால் 'வந்தானே!' என்று ஆறுதலாகவோ இடித்தோ சொல்லும் ஏகாரத்துக்கு இது உதவாது. அந்தப் பாவத்துக்கு அவர்கள் 'நா' என்று வேறொன்று வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மாளிகைகள் எழும்பிய மாதாப்பூர்ப் பக்கத்து இளைஞர்களோ இங்கிலீஷ்ச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை: மோட்டார் சைக்கிளை உதைத்து அலுத்த ஒரு பையன், பக்கத்திலிருந்தவனைப் பார்த்து, "ஸ்டார்ட்டிச் நை ஹோரா" என்றான்.