சாண்ட்ரி என்னும் சிற்றூர்

சில சொற்கள் மக்கள் நாவில் வாழ்கின்றன. சில அகராதியில் மட்டும் வாழ்கின்றன. வேறு சிலவோ, பொருளை எல்லாரும் மறந்துவிட்ட பின்னரும், ஓர் ஊரின் பெயராய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அத்தகைய சொல் ஒன்றை இங்கிலாந்து நாட்டுச் சாலையோரக் கைகாட்டி ஒன்றில் நாம் கண்டோம். அது நவம்பர் மாதத்தின் முதல் வாரம்; மரித்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாக மன்றாடும் நாள்கள்.

சாமர்செட் மாவட்டத்தில் புரூம் என்னும் பழைய சந்தை நகரிலிருந்து மேற்கே சென்றுகொண்டிருந்தோம். 5 மைல் தொலைவு கடந்திருப்போம். சுண்ணாம்புக் கல் வெட்டும் பெருஞ்சுரங்கம் ஒன்று அப்பகுதியில் உண்டு. அதன் லாரிகள் மழைச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. அப்போதுதான் ‘சாண்ட்ரி’ என்று எழுதிய கைகாட்டி கண்ணில் பட்டது. வண்டியோட்டி வந்த ஆங்கில நண்பரிடம் அச்சொல்லின் பொருள் யாது என வினவினோம். கற்றறிந்த அவரே சற்றுத் தயங்கி, “கோயில் சம்பந்தமான ஏதோ பழைய சொல்” என்று கூறி நிறுத்திக்கொண்டார். ஊருக்குள் வண்டியைத் திருப்புமாறு கேட்டுக்கொண்டோம்.

மிகச் சிறிய ஊர் அது. மரங்கள் அடர்ந்த சரிவு, கல்லால் கட்டிய சில வீடுகள், ஒரு கோயில். அரிவாளும் மண்வெட்டியும் வடித்து விற்ற பஸ்ஸல் என்னும் இரும்புத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பஸ்ஸல் என்பவர் அக்கோயிலைக் கட்டுவித்தார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் வரைபடப்படி 1846இல் அது முடிவுற்றது. பஸ்ஸலின் மாளிகைக்கும் ஊரின் பெயரே பெயர். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி பவல் அம்மாளிகையில் 1952 முதல் 2000இல் கண்மூடும் வரை வாழ்ந்தார். ஊரைப் பற்றிச் சொல்லத்தக்க செய்திகள் இவ்வளவே. ஆயின் அதன் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டியது மிகுதி.

சொல்லின் பொருள்

இலத்தீன் மொழியில் ‘கன்தாரே’ என்றால் பாடுதல். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்து ‘சாண்ட்ரி’ ஆயிற்று. நம் முன்னோர் ‘பாட்டுப் பூசை’ என்று அழகாகச் சொன்னார்களே, அதனோடு நெருங்கிய பொருளுடைய சொல் இது. ஒருவர் தம் ஆன்மாவுக்காகவும், பெற்றோர், துணைவி, மக்கள் ஆகியோரின் ஆன்மாக்களுக்காகவும் திருப்பலி இடையறாது ஒப்புக்கொடுக்கப்பட வேண்டுமென்று நிலம் எழுதி வைப்பார். அந்நிலத்தின் வருவாய் ஒரு குருவின் வாழ்க்கைச் செலவுக்கு ஆகும். அந்த நிவந்தத்திற்கும் சாண்ட்ரி என்றே பெயர். அத்திருப்பலி நிகழும் சிற்றாலயத்திற்கும் அதே பெயர்.

திருச்சபைக்கு எழுதிய நிலத்தால் அரசனுக்குச் சேரவேண்டிய உரிமை வருவாய் நின்றுபோகும். ஆகையால் 1279ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் அரசனின் அனுமதி பெற்றே இத்தகைய நிவந்தம் ஏற்படுத்த இயன்றது. சிலர் சில ஆண்டுகளுக்கு மட்டும் பூசைக்குப் பொருள் வைத்தனர். வசதி மிக்கோர் உலகம் உள்ளளவும் நடக்கவேண்டுமென்று எழுதினர். நம் நாட்டுக் கல்வெட்டுகளில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று நிவந்தம் வெட்டி வைத்தார்களன்றோ, அதே ஆவல்தான்.

செல்வர்க்கு இது சரி. ஏழைகள் என் செய்தனர்? அவர்கள் சபைகளாகக் கூடினர். ஆளுக்கு ஒரு சிறு காசு சேர்த்து, எல்லாருக்குமாக ஒரு குருவை அமர்த்திக்கொண்டனர். அன்றியும், பங்குக் கோயில்களில் மரித்தோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. கோயிலுக்கு உதவியோரின் பெயர்கள் அதில் எழுதப்பட்டு, மக்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. பெயர் வாசிக்கப்படும்போது அவர்களுக்காக ஊரே செபித்தது.

பாலத்தின்மேல் ஓர் ஆலயம்

அவ்வாரமே வடக்கே யார்க்ஷயர் பகுதிக்குச் சென்றபோது, வேக்பீல்டு நகரில் உண்மையான சாண்ட்ரி ஆலயம் ஒன்றைக் கண்டோம். கால்டர் ஆற்றின் பழம்பாலத்தின்மேலேயே அது நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அன்னை மரியாளின் பெயரால் எழுந்தது. வணிகரும் வழிப்போக்கரும் பயணம் நலமாக அமைய அங்கு மன்றாடிச் சென்றனர். இப்போது ஊர்திகள் அருகிலுள்ள புதுப்பாலத்தில் விரைகின்றன. பழம்பாலத்தில் நின்ற அரை மணி நேரத்தில் நம்மைத் தவிர ஓர் இளைஞன் மட்டுமே மிதிவண்டியில் கடந்து போனான்.

பூசை நின்றபின் அவ்வாலயம் பட்ட பாடு பெரிது. ஒரு காலம் பண்டகசாலை. ஒரு காலம் நூலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் வழிபாட்டிற்கு வந்தது. அப்போது ஆலயத்தின் முகப்பைப் புதுப்பித்தவரும் அதே கில்பர்ட் ஸ்காட் தான். கழற்றப்பட்ட பழைய முகப்பை ஒரு மாளிகையின் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் படகுக் கொட்டிலுக்கு முகப்பாக நிறுத்தினர்!

இவ்வாறு பாலத்தின்மேல் அமைந்த ஆலயங்களுள் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ராதராம் நகரில் உள்ளது சிறைச்சாலையாகவும் புகையிலைக் கடையாகவும் இருந்து, 1924இல் மீண்டும் அருச்சிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரில் உள்ளதோ ஒரு காலத்தில் மதுச்சாலையாக மாறிற்று. அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘சிறு நரகம்’. ஆன்மாக்கள் கடைத்தேற வேண்டிப் பூசை நிகழ்ந்த இடத்திற்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை எண்ணி நகைப்பதா, வருந்துவதா?

பூசை நின்ற ஆண்டு

எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை மூடியவன். சாண்ட்ரிகளின் சொத்துகளைக் கைக்கொள்ளவும் 1545இல் சட்டம் செய்தான். எனினும் தன் இறுதி விருப்ப ஆவணத்தில், வின்சர் ஆலயத்தில் தன் ஆன்மாவுக்காக நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றக் குருக்களை ஏற்படுத்தி நிலங்களை எழுதி வைத்தான். பிறர்க்கு மறுக்கத் துணிந்ததை, மரணம் நெருங்கியபோது அவனே நாடினான். 1547 சனவரியில் அவன் இறந்தான். அதே ஆண்டு டிசம்பரில், அவனுடைய இளம் மகன் ஆறாம் எட்வர்டின் பெயரால், நாட்டின் சாண்ட்ரிகளை அறவே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய போதனையைச் சீர்திருத்தவாதிகள் ஏற்கவில்லை என்பது ஒரு காரணம். போர்ச் செலவுக்கு அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிவந்தங்களும் சபை ஆலயங்களும் மூடப்பட்டன. குருக்களுக்கு ஓய்வூதியம் தரப்பட்டது. நிலங்கள் விற்கப்பட்டன. சாண்ட்ரிக் குருக்கள் பலர் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும் வந்தனர். அப்பள்ளிகளுள் சில மட்டும் மன்னன் எட்வர்டின் பெயரால் மீண்டும் நிறுவப்பட்டன. பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி தப்பியது. பிரான்சு நாட்டுப் போர்களில் மடிந்தோரின் ஆன்மாக்களுக்காகவும் மன்றாட வேண்டுமென்று 1438இல் நிறுவப்பட்டது அது. ‘சகல ஆன்மாக்கள் கல்லூரி’ என்பதே இன்றும் அதன் பெயர்.

அன்று ஒப்பமிட்டவர் யாவரும் மாண்டு மண்ணாயினர். இன்று ஆங்கிலிக்கன் சபையினரும் நாமும் ஒருவரையொருவர் சகோதரர் எனக் கருதி வாழ்கிறோம். பழைய வழக்கைக் கிளறுவது நம் நோக்கமன்று. உலகம் உள்ளளவும் தம் பெயர் பலிபீடத்தில் சொல்லப்படும் என்று நம்பிக் கண்மூடிய அம்மக்களின் பெயர்கள் என்னவாயின என்பதே நம் உள்ளத்தில் எழுந்த வினா.

பெயர் சென்ற தூரம்

நிலம் மட்டும் பெயரை விடவில்லை. இப்ஸ்விச் நகரில் சாண்ட்ரி என்றொரு பூங்கா உண்டு. அந்நகர வணிகரும் கர்தினால் உல்சியின் தாய்வழி உறவினருமான எட்மண்ட் டாண்டி என்பவர் 1509இல் ஏற்படுத்திய பூசை நிவந்தத்தின் நினைவே அப்பெயர். இன்று குழந்தைகள் அங்கே பந்து விளையாடுகின்றனர்.

கடல் கடந்து கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்திலும் சாண்ட்ரி என்ற ஒரு குக்கிராமம் இருக்கிறது. அதே மாநிலத்தில் ஹியூரன் ஏரியில் சாண்ட்ரித் தீவு இருக்கிறது. 1859ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஒன்றும், கூடு கட்டும் நீர்ப்பறவைகளும் உள்ள இடம் அது. அத்தீவுக்குப் பெயர் தந்தவர் சர் பிரான்சிஸ் சாண்ட்ரி என்னும் ஆங்கிலச் சிற்பி. பூசை ஆலயத்தின் அருகே குடியிருந்தோருக்கு வழங்கிய பெயரே பின்னர்க் குடும்பப் பெயராகவும் நிலைத்தது.

சிற்பி சாண்ட்ரியை நம்மில் பலர் அறியாமலே அறிவோம். சென்னைத் தீவுத்திடல் வழியே செல்வோர், அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலையைக் கண்டிருப்பர். 1839இல் நிறுவப்பட்ட அச்சிலை இவர் கைவண்ணமே. மரித்தோருக்கான பாட்டுப் பூசையின் பெயர், ஒரு சிற்பியின் பெயராகிக் கூவம் ஆற்றங்கரை வரை வந்து சேர்ந்துவிட்டது. அப்பூசையில் நினைக்கப்பட்டவர்களின் பெயர்கள்தாம் வரவில்லை.

நம் பட்டியல்

சாமர்செட் சிற்றூருக்கு மீண்டும் வருவோம். சாண்ட்ரிகள் ஒழிந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுந்த கோயில் அது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஈரப்புல்லின் நடுவே நின்று, அம்மண்ணில் மறக்கப்பட்ட ஆன்மாக்களுக்காகச் சிறிது நேரம் செபித்தோம். உடனே நம் குடும்பத்து மரித்தோரையும் பெயர் சொல்லி நினைக்க விழைந்தோம். தாய் தந்தையர் பெயர் வந்தது. பாட்டன் பாட்டியர் பெயரும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சட்டம் எதுவும் நம் பட்டியலைப் பறிக்கவில்லை. அரசன் எவனும் நம் நிலத்தை விற்கவில்லை. நாமே மறந்திருந்தோம். அந்த வெட்கம் நம்மோடு ஊர் வரை வந்தது.

ஊர் திரும்பியதும் வீட்டிலுள்ள மூத்தவரான அத்தையாரிடம் இதைச் சொன்னோம். அவர் எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். இரவுச் செபமாலை முடிந்து நாமெல்லாம் எழுந்துவிடும்போது அவர் மட்டும் முழந்தாளில் இருந்தபடி ஏதோ முணுமுணுப்பதைச் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம், என்னவென்று கேட்டதில்லை. அன்று கேட்டோம். பதினொரு பெயர்களை ஒரே மூச்சில் சொன்னார். காலராவில் மாண்ட ஒரு பெரிய பாட்டியார்; பேறுகாலத்தில் மறைந்த ஒரு சித்தி; ஞானஸ்நானம் பெற்ற அன்றே இறந்த ஒரு குழந்தை. முடிவில், “எழுதிக்கொள், தம்பி. நான் போனபிறகு இதைச் சொல்ல ஆள் வேண்டுமே” என்றார். குறிப்பேட்டை எடுத்துவர எழுந்தபோது நம் கண்கள் கலங்கியிருந்தன.

புனித மோனிக்கம்மாள் 387ஆம் ஆண்டு உரோமைக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றுக் கிடந்தார். தாய்நாட்டில் கணவரின் அருகே அடக்கம் பெற வேண்டுமென்று ஒரு காலத்தில் விரும்பியவர் அவர். இறுதியிலோ, தம் உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம் என்றும், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றும் மக்களிடம் கேட்டுக்கொண்டார். நிலமும் கேட்கவில்லை, ஆலயமும் கேட்கவில்லை. பிள்ளைகளின் நினைவை மட்டும் கேட்டார். அகுஸ்தீனார் அதை எழுதி வைத்ததால், உலகெங்கும் அதைப் படிப்போர் இன்றும் மோனிக்கம்மாளை நினைக்கின்றனர்.

நிவந்தம் வைப்பது நன்றே. பூசைக்குக் கொடுப்பதும் நம் முன்னோர் காட்டிய வழியே. ஆயினும் சந்திர சூரியர் உள்ளவரை என எழுதிய ஆவணத்தைச் சட்டம் ஒரே நாளில் அழித்துவிட்டது. எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் நாவிலிருந்த பட்டியலோ நான்கு தலைமுறையாக அழியாமல் வந்துள்ளது. மறக்கப்பட்டவர்களையும் திருச்சபை மறப்பதில்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் மரித்தோர் அனைவருக்காகவும் அது மன்றாடுகிறது. அந்தப் பொது மன்றாட்டில் சாமர்செட் உழவரும் உண்டு, வேக்பீல்டு வழிப்போக்கரும் உண்டு, எட்டாம் ஹென்றியும் உண்டு. நம் வீட்டாரைப் பெயர் சொல்லி அழைக்கும் கடமை மட்டும் நம்முடையது.

இம்மாதம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியும் மலரும் வாங்கும்போது, ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியாரின் அருகே பிள்ளைகளை அமர்த்தி, அவர் சொல்லும் பெயர்களை எழுதச் செய்யுங்கள். அன்றிரவு செபமாலையின் முடிவில் அவற்றை உரக்க வாசியுங்கள்.