பழவேற்காட்டில் ஒரு பரண் லென்ஸ்

பழவேற்காட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைக்காகத்தான் போகிறார்கள். அதற்கு முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வேண்டும். என்னிடம் இருப்பது 58 மில்லிமீட்டர். அதில் பூநாரை வெறும் வெள்ளைப் புள்ளி. அதனால் பறவையை விட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விடுவேன்.

லென்ஸ், நண்பர் வீட்டுப் பரணில் கிடந்த ஜெனிட் கேமராவோடு வந்தது. பெயர் ஹீலியோஸ் 44-2. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் போருக்கு முன் செய்த பயோட்டாரைப் பார்த்து சோவியத்துக்காரர்கள் செய்தது. மோட்டார் கிடையாது, வளையத்தைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி எழுந்து விழ இடம் தேவைப்பட்டது. ஆகவே லென்ஸின் அடியிலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ. விட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடி இல்லாத என் சோனியில் அது 18 மி.மீ.தான். நடுவே மிஞ்சுகிற 27 சொச்சத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்புகிறது. குழாயின் விலை ஆயிரம் ரூபாய்க்குள். லென்ஸுக்கு நண்பர் காசு வாங்கவில்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்று ஒரு வரி இருக்கும்; அதை இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தபின் என் கண் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு. படகு தெரியும், கையிலுள்ள பேருந்து டிக்கெட் தெரியாது. ஆனால் கேமராவின் மின்திரையில் கண் வைத்து, பக்கத்திலுள்ள சின்னச் சக்கரத்தை நம் பார்வைக்கு ஒருமுறை சரிசெய்துவிட்டால், கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒரே தெளிவில் தெரிகின்றன. மங்கலிலிருந்து ஓர் இறால் மீசை மெல்லத் தெளிந்து வருவதை நானே திருகிப் பார்க்கிறேன். தானியங்கி லென்ஸ் இந்தச் சந்தோஷத்தைத் தருவதில்லை.

பழகுவதற்கு டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் நல்ல இடம். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். எவ்வளவு நேரமானாலும் அசையாமல் நிற்கும்.

மனிதர்கள் அப்படி நிற்பார்களா? ஏரிப் பக்கத்துக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைக்கலாம் என்பது முறை வைத்து வரும். கழி நட்டு வலையைக் கட்டிவிட்டு, நீரோட்டத்தோடு வருகிற இறாலுக்குக் காத்திருப்பார்கள். நானும் அதையே செய்கிறேன். எட்டாம் எண் துவாரத்தில், வளையத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 4 முதல் ஆறரை மீட்டர் வரை தெளிவு. அந்த இடத்துக்குள் படகு வரும்வரை சும்மா நிற்பேன்.

கிட்டப் போனால்தான் பாடு. அரை மீட்டரில், துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால், தெளிவு அரை சென்டிமீட்டர்தான். மூச்சு விட்டால் போய்விடும். மீன் கூடையோடு நின்ற அம்மா ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், படம் எடுக்குறியா, பூட்டு தொறக்குறியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில்தான் அன்றைக்கு நல்ல படம் கிடைத்தது. முழுக்கத் தெளிவில்லை. இருந்தாலும் அதைத்தான் பிரிண்ட் போட்டேன்.

போன மாதம் கோட்டைக்குப்பத்தில் ஒரு பெரியவர் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்க்கவில்லை, விரல்தான் தடவித் தடவிப் போனது. "எடுக்கலாமா ஐயா?" என்றதற்குத் தலையாட்டினார். நான் திருகிக்கொண்டே இருந்தேன். "ரொம்ப நேரமா முறுக்குறியே, உள்ள இன்னாதான் தெரியுது?" என்று கேட்டார்.

சக்கரத்தை அவர் பார்வைக்கு மாற்றி, பெருக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தி, அவர் கண்ணருகே கேமராவைப் பிடித்தேன். வளையத்தில் அவர் விரலை வைத்து, "நீங்களே திருகுங்க ஐயா" என்றேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் திருகினார். பிறகு விரல் நின்றது. மடியில் கிடந்த வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க ஒரு கண்ணு விட்டுப்போச்சே" என்று கேமராவை என்னிடம் தள்ளிவிட்டு, அந்த இடத்தை விரலால் தேடிப் பிடித்து, ஊசியை எடுத்தார்.