கொக்கு சுமந்த பொருள்

கொக்கு என்றவுடன், மீனுக்காக நீரருகில் அசையாது காத்திருக்கும் சிறிய வெண்பறவையே நம் நினைவுக்கு வரும். சீனர்கள் போற்றும் கொக்கு அதுவன்று. உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாகிய சாரசக் கொக்கின் இனத்தைச் சேர்ந்த பெரிய பறவை அது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், வெண்ணிற உடல், கரிய கழுத்து. உச்சந்தலை சிவந்திருப்பதால் அதனைச் செம்முடிக் கொக்கு என்று அழைக்கலாம். அச்சிவப்பு இறகின் நிறமன்று. இறகில்லாத தோலின் நிறமாகும்.

கொக்கு ஆயிரம் ஆண்டுகள் வாழும் என்று பழங்காலச் சீனர்கள் நம்பினர். இறவா நிலை அடைந்தோர் அதன் முதுகில் ஏறி விண்ணுலகம் செல்வர் என்று கதைகள் கூறின. ஆகவே முதியோரை வாழ்த்தும் ஓவியங்களில் கொக்கையும் பைன் மரத்தையும் சேர்த்து வரைந்தனர். பைன் மரம் கடுங்குளிரிலும் பசுமை மாறாதது. உண்மையில் செம்முடிக் கொக்கு மரக்கிளையில் அமர்வதில்லை. சதுப்பு நிலத்து நாணல்களுக்கிடையே கூடு கட்டுகிறது. எனினும், நீண்ட ஆயுள் என்னும் வாழ்த்தைச் சொல்ல, ஓவியர்கள் இரண்டையும் ஒன்றாக்கினர்.

கொக்கு உயர்பதவிக்கும் அடையாளமாயிற்று. சிங் மரபினர் ஆண்ட காலத்தில் (1644–1912) அரசு அலுவலர்கள் தம் மேலங்கியின் மார்பிலும் முதுகிலும் சித்திரத் தையலிட்ட சதுரத் துணியை அணிந்தனர். படைத்துறையினருக்கு விலங்குகளின் உருவமும், ஆட்சித்துறையினருக்குப் பறவைகளின் உருவமும் உரியவை. ஆட்சித்துறையில் முதல்நிலையில் இருந்தோருக்குக் கொக்கு. அவ்வுருவத்தைக் கண்டதும் மக்கள் பணிந்து வழிவிட்டனர்.

ஆனால், அடையாளத்தைப் போற்றுவது மட்டும் போதுமா? சீனரின் பழைய வரலாற்று நூல்கள் வெய் நாட்டை ஆண்ட யீ என்னும் கோமகனைப் பற்றிக் கூறுகின்றன. அவன் கொக்குகளின்மீது பெருவிருப்பம் கொண்டவன். உயர்குடியினர் செல்லும் தேர்களில் அவற்றை ஏற்றி வலம்வரச் செய்தான். கி.மு. 660ஆம் ஆண்டில் வடபுலத்துப் பகைவர் அந்நாட்டின்மீது படையெடுத்தனர். படைக்கலம் பெற்ற வீரர்களோ, பதவியும் சிறப்பும் பெற்ற கொக்குகளையே போருக்கு அனுப்புமாறு கூறினர். வெய் நாடு தோற்றது, கோமகனும் உயிரிழந்தான். கொக்குக்குத் தேர் அளித்தவன், தன் குடிமக்களின் உள்ளத்தை அறியவில்லை.

கொக்கிடம் அன்பு காட்டிய மற்றொருவரையும் சீன மக்கள் நினைவிற் கொண்டுள்ளனர். அவர் பெயர் சூ சியூஜுவன். வடகிழக்குச் சீனாவில் உள்ள ஜாலோங் சதுப்பு நிலத்தில், கொக்குகளைப் பேணும் குடும்பத்தில் 1964ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையைப் போலவே அவரும் குஞ்சுகளுக்கு இரையூட்டி வளர்க்கும் பணியை ஏற்றார். 1986ஆம் ஆண்டில், செம்முடிக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கும் யன்செங் கடற்கரைச் சதுப்பு நிலத்திற்குப் பணியாற்றச் சென்றார். போகும்போது மூன்று கொக்கு முட்டைகளைப் பாதுகாப்பாக எடுத்துச் சென்று, அங்கே குஞ்சு பொரிக்கச் செய்தார். மறு ஆண்டு செப்டம்பரில், காணாமற்போன அன்னப் பறவைகளைத் தேடிச் சென்றபோது நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 23. அவர் நினைவாகப் பாடல் பிறந்தது. அவர் குடும்பத்தினர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

கோமகனும் கொக்கை விரும்பினான்; சூ சியூஜுவனும் விரும்பினார். அவன் அதற்குப் பதவி அளித்தான். அவரோ இரை அளித்தார், வெப்பம் அளித்தார், விழிப்போடு காத்தார். தேரும் பட்டமும் கொக்குக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியவை நீரும் நாணலும் அச்சமின்றிக் கூடு கட்டச் சிறிது இடமும்தான். யன்செங் கடற்கரைப் பகுதி 2019ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே பனி உறையும் காலத்தில் கொக்குகள் இன்றும் அங்கே வந்து இறங்குகின்றன.